கொங்கில் பிராட்டி காட்டிய மறவாமை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



உத்ஸவ காலங்களில் நம் சோமனூர்ப் பெருமாள் ஸந்நிதிக்கு வருகின்ற அன்பர்கள் அடியேனிடம் பலமுறை கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "பெருமாள் எதிரில் நிற்கும்போதும் மனம் நிற்க மாட்டேன் என்கிறதே, இதற்கு என்ன வழி?" என்பதே அது. நூல் விலையும், பிள்ளையின் பரீட்சையும், கொடுக்கவேண்டிய தவணையும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. திரை விலகித் தீபாராதனையும் ஆகிவிடுகிறது. வீட்டிற்குத் திரும்பிய பின்பு, பெருமாளுக்கு இன்று என்ன மாலை சாத்தியிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை.

இதற்கு விடை சொல்லும் தகுதி அடியேனுக்கு உண்டா என்று முதலில் எண்ணிப் பார்த்தேன். ஏனெனில் இக்குற்றத்தைப் பக்தர்கள் மாத்திரம் செய்வதில்லை, அர்ச்சகனும் செய்கிறான். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. கூட்டம் மிகுதி. தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவண்ணம் இருந்தன. ஓர் அம்மையார் தம் மகனுடைய பெயரையும் நக்ஷத்ரத்தையும் சொல்லித் தட்டைக் கொடுத்தார். அடியேனும் ஸங்கல்பம் செய்து அர்ச்சனையை முடித்து, ப்ரஸாதத்தை நீட்டினேன். அவர் கையை நீட்டாமல் நின்றார். "ஏனுங்க சாமி, எம்பட பையன் பேரு அதில்லீங்களே" என்றார். அவருக்கு முன்னால் வந்தவருடைய பெயரையே அடியேன் மறுபடியும் சொல்லியிருக்கிறேன்! வாய் திருநாமங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. கை துளசியை ஸமர்ப்பித்துக்கொண்டிருந்தது. மனமோ என் பெண்ணின் கல்யாணத்திற்கு வேண்டிய பணத்தை எண்ணிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் அப்பொழுது ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்பதை அதன் பிறகே அறிந்தேன்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடியும் அர்ச்சனை செய்தேன். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. பதினைந்து வயதில் பாடசாலையில் கற்ற மந்த்ரங்களில் ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை. எதிரே நின்ற ஒரு தாயின் கண்ணீர் மாத்திரம் கண்ணில் படவில்லை. அப்படியானால் அடியேன் கற்றது எது? கல்லாதது எது?

ஸ்ம்ருதி என்னும் சொல்

இக்காலத்தில் மேல்நாட்டிலும் நம் நாட்டு நகரங்களிலும் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்றொரு பயிற்சி பெரிதும் பேசப்படுகிறது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-ஸின் என்பவர், நோயினாலும் மனச்சுமையினாலும் வருந்துவோருக்கென்று எட்டு வாரப் பயிற்சியாக இதனை அமைத்தார். நடந்ததையும் நடக்கவிருப்பதையும் பற்றி உழலாமல், இக்கணத்தில் விழிப்புடன் நிற்பது அதன் நோக்கம். மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது அதில் ஒரு முறை.

இப்பயிற்சி பௌத்தர்களுடைய தியான முறையிலிருந்து எடுக்கப்பட்டது. பாலி மொழியில் அவர்கள் இதற்கு வழங்கிய சொல் 'ஸதி' என்பது. அது வேறொன்றும் இல்லை. நம்முடைய ஸம்ஸ்க்ருதத்தில் 'ஸ்ம்ருதி' என்கிற சொல்லே. ஸ்ம்ருதி என்றால் நினைவு. இக்கணத்தில் இருத்தல் என்று உலகம் கொண்டாடுகிற நிலைக்குப் பெரியோர்கள் இட்ட பெயர் 'நினைவு' என்பதாக இருக்கிறது. இது வியப்பாகத் தோன்றலாம். நினைவு என்பது கடந்தகாலத்தைப் பற்றியதல்லவா என்று கேட்கலாம்.

அன்பர்கள் சற்றே ஆலோசிக்கவேண்டும். அடியேன் அந்த அம்மையாருக்குச் செய்த பிழை என்ன? மறதியே அன்றோ? எங்கே நிற்கிறேன், யார் எதிரில் நிற்கிறேன், யாருக்காக நிற்கிறேன் என்பதை மறந்தேன். உடல் இங்கே இருக்க, மனம் வேறிடம் போவதற்குப் பெயர் மறதி. செய்கிற காரியத்தைச் செய்கிற பொழுதில் மறவாதிருப்பதற்குப் பெயர் ஸ்ம்ருதி. தமிழில் அழகாக 'மறவாமை' என்று சொல்லலாம்.

உடையவர் காட்டிய பொருள்

1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானார், ஸ்ரீபாஷ்யத்தின் முதல் ஸூத்ரத்திலேயே இந்த ஸ்ம்ருதியை எடுத்து ஆராய்கிறார். வேதாந்தம் விதிக்கின்ற தியானம் என்பது எண்ணெய் ஒழுக்குப் போல இடையறாமல் ஓடுகிற நினைவு என்றும், அதுவே 'த்ருவாநுஸ்ம்ருதி' என்றும் நிலைநாட்டுகிறார். நீரை ஊற்றினால் தெறிக்கும், துளிதுளியாகச் சிதறும். எண்ணெயை ஊற்றினால் ஒரே இழையாக இறங்கும். நினைவும் அவ்வாறு இழையாக வேண்டும் என்பது கருத்து.

இவ்வளவு உயர்ந்த நிலை நமக்கு எங்ஙனம் கைகூடும் என்று மலைக்க வேண்டியதில்லை. அதற்குரிய ஸாதனங்கள் ஏழு என்று வாக்யகாரர் என்னும் பண்டைய ஆசார்யர் சொன்னதை எம்பெருமானார் அங்கேயே எடுத்துக்காட்டுகிறார். உணவுத் தூய்மையாகிய விவேகம், ஆசையில் அகப்படாமையாகிய விமோகம், அப்யாஸம், இயன்ற அளவு கடமைகளைச் செய்தலாகிய க்ரியை, ஸத்யம் தயை முதலிய கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. இவற்றுள் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

அநவஸாதம் என்றால் மனம் வாடாமை. இடமும் காலமும் நமக்கு ஒவ்வாதபடி அமைவதாலும், துக்கத்திற்குக் காரணமானவற்றைத் திரும்பத் திரும்ப நினைப்பதாலும் மனம் ஒளியிழந்து போகிறது. அவ்வாட்டம் இல்லாதிருப்பதே அநவஸாதம். அநுத்தர்ஷம் என்பது இதற்கு மறுதலையான மிகுகளிப்பு இல்லாமை. வாட்டம் மாத்திரமன்றி, தலைகால் தெரியாத களிப்பும் நினைவின் இழையை அறுத்துவிடும் என்பது எம்பெருமானாருடைய திருவுள்ளம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. துக்கத்தைத் திரும்பத் திரும்ப நினைப்பதும் நினைவுதான். பெருமாளை இடைவிடாது நினைப்பதும் நினைவுதான். கருவி ஒன்றே. அது எதன்மேல் விழுகிறது என்பதில்தான் வாட்டமும் ஒளியும் அமைகின்றன. ஆகவே மனத்தை வெறுமையாக்கிவிட வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லவில்லை. வேலையற்ற நினைவுக்கு உரிய வேலையைக் கொடு என்றே சொன்னார்கள்.

மூன்றாவதாகிய அப்யாஸமோ, நற்பொருளில் மனத்தை மறுபடி மறுபடி கொண்டுவந்து பழக்குவது. 'மறுபடி மறுபடி' என்பதிலேயே, மனம் விலகிப்போகும் என்பதும் அடங்கியிருக்கிறது அன்றோ? விலகாத மனத்தை மறுபடியும் கொண்டுவர வேண்டிய தேவை ஏது?

நம் கொங்குநாட்டுப் பிராட்டி

இதற்கு எடுத்துக்காட்டாக நிற்பவள், நம் கொங்குநாட்டிலே வாழ்ந்த ஓர் இல்லத்தரசி. குருபரம்பரை நூல்கள் அவளைக் 'கொங்கில் பிராட்டி' என்று போற்றுகின்றன.

தன் நாட்டில் மழை பொய்த்தபோது, அவள் கணவனுடன் திருவரங்கம் சென்று தங்கியிருந்தாள். அங்கே எம்பெருமானார் மதுகரத்துக்கு எழுந்தருளும்போது, பெரியோர்களெல்லாம் அவர் திருவடியில் விழுவதைக் கண்டாள். "அரசரும் வணங்குகின்ற தேவரீர் பிக்ஷைக்கு வருவது என்ன?" என்று கேட்டாள். அவர்களுக்குப் பகவத் விஷயத்தைச் சொல்லவே வருகிறோம் என்று விடை வந்தது. "அதனை அடியேனுக்கும் அருளவேண்டும்" என்று ப்ரார்த்தித்தாள். எம்பெருமானாரும் த்வய மஹாமந்த்ரத்தை உபதேசித்தருளினார்.

பின்னர் நாட்டில் மழை பெய்தது. ஊர் திரும்பும் காலமும் வந்தது. அப்பொழுது அவள் எம்பெருமானாரிடம் மீண்டும் சென்று, முன்பு உபதேசித்த மந்த்ரம் நெஞ்சில் நிலைநிற்கும்படி மறுபடியும் அருளவேண்டும் என்று விண்ணப்பித்தாள். அவரும் மறுபடியும் அருளி, அவள் வேண்டியபடி தம் பாதுகைகளையும் கொடுத்தனுப்பினார்.

அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கிடைத்தற்கரிய மந்த்ரம் ஒருமுறை கிடைத்தது. அது நெஞ்சில் ஊன்றவில்லை. நாமாக இருந்தால் வெட்கப்பட்டிருப்போம். தெரிந்தவர் போல் பேசாமல் ஊருக்குப் போயிருப்போம். அவளோ மறுபடியும் கேட்டாள். ஆசார்யரும், ஒருமுறை சொன்னோமே என்று முகம் சுளிக்கவில்லை, மறுபடியும் சொன்னார். அப்யாஸம் என்று ஸ்ரீபாஷ்யத்தில் கூறியதை, கொங்குநாட்டுப் பெண்ணொருத்தி ஆசார்யன் எதிரிலேயே நடத்திக் காட்டினாள்.

காலம் சென்றது. சோழனால் நேர்ந்த இடரினால் எம்பெருமானார் காஷாயத்தைக் களைந்து வெள்ளை வஸ்த்ரம் தரித்து, திருவரங்கத்தை விட்டு மேல்நாட்டை நோக்கி எழுந்தருள வேண்டியதாயிற்று. வழியில் சிஷ்யர்களுடன் இப்பிராட்டியின் இல்லத்தை அடைந்தார். வந்தவர்களில் தன் ஆசார்யர் இருப்பதை அவள் அறியாள். வழிநடந்து களைத்த ஸ்ரீவைஷ்ணவர்கள் என்ற அளவில் வரவேற்றுத் தளிகை செய்யப் புகுந்தாள். அவள் செய்வதைக் கவனித்து வரும்படி எம்பெருமானார் ஒரு சிஷ்யரை நியமித்தார். தளிகை முடிந்ததும் அவள் உள்ளே சென்று, தனக்கு அருளப்பட்ட பாதுகைகளின் எதிரில் அமர்ந்து தியானித்தாள் என்று அச்சிஷ்யர் வந்து விண்ணப்பித்தார். அதன்பின் அவள் வந்தவர்களுடைய திருவடிகளை நோக்கி, வெண்மை வஸ்த்ரத்தில் மறைந்திருந்த தன் ஆசார்யரை அடையாளம் கண்டாள் என்பது வரலாறு.

எத்தனை ஆண்டுகள் அவள் அந்தப் பாதுகைகளை நினைத்திருந்தாள் என்று நூல்கள் கணக்கிடவில்லை. எதிர்பாராத ஒருநாள் அந்தத் திருவடிகளே வாசலில் வந்து நின்றபோது, அவளுக்குத் தடுமாற்றம் இல்லை. அதற்கென்று தனியாக ஆயத்தம் செய்துகொள்ளவும் இல்லை. நேற்றும் அதற்கு முன்தினமும் செய்த காரியத்தையே இன்றும் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளையும் அந்த அந்த நாளிலேயே மறவாமல் வாழ்ந்தவளுக்கு, பெரிய நாள் வந்தபோது அதுவும் ஒரு நாளாகவே இருந்தது.

தறியும் இழையும்

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரம் விசைத்தறிக்குப் பேர்போனது. கோயிலுக்கு நாள்தோறும் வரும் நெசவாளர் ஒருவர் பல தறிகளை ஒருவராகவே பார்த்துக்கொள்பவர். "அவ்வளவு இரைச்சலில் எப்படிக் கவனம் நிற்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன். நாடா ஓடும் ஓசையில் சிறிது மாறுதல் வந்தாலும் காது கண்டுகொள்ளும் என்றார். பாவில் ஓரிழை அறுந்தாலும் தறிபாட்டிற்கு ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்காமல் விட்டால் துணி நெடுகப் பழுது விழும் என்றும் சொன்னார்.

"மனம் வெளியே போகாதா?" என்று கேட்டேன். "போகுங்க சாமி. போறதைத் தடுக்க முடியாதுங்க. இழை அறுந்தது தெரிஞ்ச ஒடனே தறிய நிறுத்தி முடிச்சுப் போடோணும். அதுதானுங்க வேலை" என்றார்.

அடியேன் பாடசாலையில் பல மாதங்கள் பாடம் கேட்ட அப்யாஸம் என்னும் சொல்லின் பொருளை, அவர் இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்தார். இழை அறுவது குற்றமன்று. அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போவதே குற்றம். அறுந்துவிட்டதே என்று தறியருகில் உட்கார்ந்து அழுவதும் வேலையாகாது, அது அவஸாதம்.

அன்றாடம் கைக்கொள்ளும் முறை

இனி, இதனைக் கோயிலிலும் வீட்டிலும் எவ்வாறு கைக்கொள்வது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது ஸங்கல்பம். எந்தக் கர்மாவைத் தொடங்கும்போதும், இன்ன தேசம், இன்ன வருஷம், இன்ன அயனம், ருது, மாஸம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்ரம் என்று சொல்லி, இன்னதைச் செய்கிறேன் என்கிறோம். இதனைச் சடங்கு என்று விரைந்து சொல்லிவிடுகிறோம். உண்மையில், 'இவ்விடத்தில், இந்நாளில், இவ்வேலையில் இருக்கிறேன்' என்று ஓடித்திரியும் மனத்திற்கு விலாசம் சொல்லி அழைத்துவருகிற முறை இது. மந்த்ரம் அறியாதவர்களும், அடுப்பை மூட்டுமுன்னும் தறியை ஓட்டுமுன்னும் ஒரு மூச்சு நின்று, "இன்று இந்த வேலை, பெருமாளே உனக்காக" என்று எண்ணினால் அதுவே போதும்.

இரண்டாவது ஸேவிக்கும் முறை. திருப்பாணாழ்வார் அமலனாதிபிரானில் பத்துப் பாசுரங்களால் அரங்கனைத் திருவடி தொடங்கித் திருமுடி நோக்கி அநுபவிக்கிறார். நாமும் அவ்வாறே திருவடியில் தொடங்கி மெல்ல மேலே கண்ணைச் செலுத்தவேண்டும். கண்ணுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தால் மனம் அதன்பின்னே வரும். இக்காலத்தில் தீபாராதனையின்போது கைபேசியை உயர்த்திப் படம் எடுக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. பின்னொரு நாள் பார்த்துக்கொள்வதற்காக, எதிரே நிற்கும் பெருமாளை இன்று பார்க்காமல் விடுகிறோம். அன்புகூர்ந்து அதைத் தவிர்க்கவேண்டும். தலையில் சடாரி படுகின்ற அந்த ஒரு கணத்திலாவது, இவை திருவடிகள் என்னும் நினைவு இருக்கட்டும்.

மூன்றாவது, நாளைப் பகுத்துக்கொள்வது. நம் பெரியோர் ஒரு நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என ஐந்தாகப் பகுத்தனர். இவற்றுள் உபாதானம் என்பது ஆராதனத்திற்கு வேண்டிய பொருள்களைச் சேர்ப்பது. இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. இக்கணத்தில் வாழவேண்டும் என்பதற்காக, நாளைக்கு வேண்டியதை எண்ணவே கூடாது என்பதில்லை. நாளைய பொங்கலுக்கு அரிசியும் பருப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் கைங்கர்யமே. அதற்கென்று ஒரு வேளை உண்டு. அந்த வேளையில் அதனை முழுமனத்தோடு செய்யவேண்டும். பெண்ணின் கல்யாணச் செலவை எண்ணியது அடியேன் செய்த தவறன்று. அதனை அர்ச்சனை வேளையில் எண்ணியதே தவறு.

இயலும்போது நினைத்தல்

இத்தனை முயன்றும் நினைவு என்பது நம் கையில் முழுதும் உள்ளதா என்றால், இல்லை. அடியேனுடைய தகப்பனாரும் அர்ச்சகர். பல்லாண்டு பெருமாளைத் தொட்டு ஆராதித்தவர். அந்திம காலத்தில் மறதி நோய் வந்து, என்னை யார் என்று கேட்டார். ஸஹஸ்ரநாமம் மறந்தது; திருமண் இட்டுக்கொள்ளும் முறை மறந்தது. இவ்வளவு கைங்கர்யம் செய்தவருக்குக் கடைசி நினைவு இல்லாமற் போயிற்றே என்று என் தாயார் அழுதபோது, வராஹப் பெருமாள் பூமிப்பிராட்டிக்குக் கொடுத்த வாக்கையே அடியேன் எடுத்துச் சொன்னேன். உடலும் மனமும் நன்றாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தானாகில், அவன் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும் கடைசிக் காலத்தில் அவனை நான் நினைக்கிறேன் என்பது அவ்வாக்கின் பொருள். பெரியாழ்வாரும், நினைக்க இயலாத அந்தக் கடைசி வேளைக்காக, நினைக்க இயலும் இவ்வேளையிலேயே விண்ணப்பம் செய்து வைத்தார்.

ஆகவே நாம் நினைப்பதற்கு உள்ள காலம் இது ஒன்றே. நேற்று நினைக்காததை இனி நினைக்க முடியாது. நாளை நினைப்போம் என்றால், நாளை நமக்கு நினைவு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இன்று, இந்தத் தட்டை வாங்கும்போது, இந்த இழையை முடியும்போது, இந்த உலையில் அரிசி இடும்போது நினைப்பதே நம் பங்கு. மிகுதியை நினைப்பது அவன் பங்கு.

நிற்க. முன்பு சொன்ன அம்மையார் அடுத்த சனிக்கிழமையும் வந்தார். தட்டை நீட்டி, மகனுடைய பெயரையும் நக்ஷத்ரத்தையும் சொன்னார். "அம்மா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, அதன்பின் ஸங்கல்பம் செய்தேன். பிள்ளை நலமாக வீடு திரும்பினான். அது பெருமாளுடைய க்ருபை. அன்று முதல், எவ்வளவு கூட்டமானாலும், ஒவ்வொருவரிடமும் பெயரை இருமுறை கேட்பது அடியேனுக்கு வழக்கமாயிற்று. "ஸ்வாமிக்குக் காது மந்தமாகிவிட்டது" என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். அது அவ்வாறே இருக்கட்டும். மறுபடியும் கேட்பதில் வெட்கமில்லை என்று நம் நாட்டுப் பிராட்டியே காட்டிப் போயிருக்கிறாள்.

இவ்வுத்ஸவத்திற்கு வருகின்ற அன்பர்களும் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது, உங்கள் இல்லத்தாருடைய பெயர்களை நிதானமாக இருமுறை சொல்லியருள வேண்டுகிறேன். சொல்லும்போது அவர்களை நீங்களும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸர்வம் ஸ்ரீக்ருஷ்ணார்ப்பணமஸ்து.

அடியேன் ராமாநுஜ தாஸன்